வீட்டு வண்டியில் நீலமலைக்கு

(நம் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பெரும்புலவர்கள் உரையாற்றும் இம்மேடையில், பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு இரயில்வே அலுவலகத்தில் எழுத்தர் பணி புரியும் எங்களைப் போன்றோர் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று தயங்கினோம். "சென்ற கோடையில் சென்று வந்த பயணத்தைச் சொல்லுங்கள், அது போதும்" என்று செயலாளர் பணித்தார். அதனையே சொல்ல விழைகின்றோம்.

காரவான் என்னும் வீட்டு வண்டியை நீங்கள் அறிந்திருப்பீர்கள். படுக்கை, சமையல் மேடை, நீர்த்தொட்டி, கழிப்பறை யாவும் அதனுள்ளேயே உண்டு. அமெரிக்க நாட்டில், 1872ஆம் ஆண்டில் அமைந்த எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவினுள், இத்தகைய வண்டிகளுக்கென்றே தங்குமிடங்களை ஒதுக்கியிருக்கின்றனர். அதைத் திரையில் கண்ட எங்கள் பிள்ளைகள், "நாமும் காட்டுக்குள் வண்டியை நிறுத்தி உறங்க வேண்டும்" என்று பிடிவாதம் பிடித்தனர். வண்டியோட்டியோடு ஒரு வண்டியை வாடகைக்கு அமர்த்தினோம். எழுபது வயதைக் கடந்த எங்கள் அன்னையாரும் உடன் வந்தார்.

அடுகோடியிலிருந்து விடியலிற் புறப்பட எண்ணியிருந்தோம். மூட்டை கட்டி முடிவதற்குள் நண்பகல் ஆயிற்று. மைசூரில் ஓர் உறவினர் வீடு, நஞ்சன்கூட்டில் ஈசன் தரிசனம் என்று பொழுது கழிந்தது. குண்டலுப்பேட்டையைத் தாண்டிப் பந்திப்பூர்ச் சோதனைச் சாவடியை அடைந்தபோது இரவு மணி ஒன்பதைக் கடந்து பத்து நிமிடம். தடுப்பு இறங்கியிருந்தது.

பந்திப்பூர்க் காட்டை ஊடறுத்துச் செல்லும் நெடுஞ்சாலைகளில் 2009ஆம் ஆண்டு முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. அவசர ஊர்திகளுக்கும் குறிப்பிட்ட சில பேருந்துகளுக்கும் மட்டுமே விலக்கு. காட்டினுள் வண்டியை நிறுத்தி இரவு தங்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. இவற்றை நாங்கள் முன்னரே விசாரித்திருக்க வேண்டும், விசாரிக்கவில்லை. குற்றம் எங்களுடையது. ஆயினும் காவலரிடம் வாதாடினோம். முதியவர் இருக்கிறார் என்றோம். குழந்தைகள் இருக்கிறார்கள் என்றோம். பத்து நிமிடந்தானே என்றோம். அவர் சினம் கொள்ளவில்லை. "இது வண்டிகளின் நேரம் அன்று, ஐயா, காட்டின் நேரம்" என்று கன்னடத்திற் சொல்லிவிட்டுத் தம் இருக்கைக்குத் திரும்பினார்.

குண்டலுப்பேட்டைக்கே மீண்டு, ஒரு பெட்ரோல் நிலையத்தில் அனுமதி கேட்டு வண்டியை நிறுத்தினோம். பிள்ளைகள் முகம் வாடினர், எங்களுக்கோ மனத்தாங்கல். அப்போது அன்னையார் வாய் திறந்தார்: "இதற்கா இவ்வளவு வருத்தம்? சவ்வாது மலை அடிவாரத்திலே நாங்கள் கூண்டு வண்டி பூட்டிக்கொண்டு குலதெய்வக் கோயிலுக்குப் போவோம். இருட்டிவிட்டால் உங்கள் தாத்தா காட்டு வழியில் மாட்டை ஓட்டவே மாட்டார். ஊர் எல்லையிலே அவிழ்த்துக் கட்டிவிட்டு, மூன்று கல் கூட்டிச் சோறு பொங்கித் தின்றுவிட்டு, வண்டிக்கடியிலே படுத்துக்கொள்வோம். விடிந்தால் தானே வழி? இராத்திரி அதுகளுக்கு அல்லவா!"

அவையோரே! அந்நிய நாட்டுப் புதுமை என்று நாம் மயங்கும் வீட்டு வண்டி, நம் முன்னோர் பூட்டிய கூண்டு வண்டியே. அவ்வண்டியோடு கூடிய அடக்கத்தை மட்டும் நாம் வழியிலே தவறவிட்டு வந்துவிட்டோம்.

காலை ஆறு மணிக்குத் தடுப்பு உயர்ந்தது. வரிசையில் முன்னே நின்ற சில வண்டிகளுள் எங்களுடையதும் ஒன்று. சாலை நெடுகிலும் யானைச் சாணம். அதிலிருந்து இன்னும் ஆவி எழுந்துகொண்டிருந்தது. ஒடிந்த மூங்கிற் கிளைகள் தார்மீது கிடந்தன. நாங்கள் கடந்து செல்லத் துடித்த அந்தப் பாதையில் இரவு முழுதும் யானைகள் நடந்திருக்கின்றன. சற்றுத் தொலைவில் ஒரு பிடியும் அதன் கன்றும் சாலையைக் கடந்தன. கன்று நடுச்சாலையில் நின்று எங்களைப் பார்த்தது. வண்டியோட்டி இயந்திரத்தை நிறுத்தினார். முன்னிரவில் எங்களை விட்டிருந்தால், அந்த இருளில், அந்த வேகத்தில், என்ன நேர்ந்திருக்குமோ என்ற எண்ணம் எழுந்தது. எவரும் வாய் திறக்கவில்லை.

இரயில் பாதையில் ஒரு விதி உண்டு. ஒரு பகுதியில் ஒரு வண்டி ஓடிக்கொண்டிருக்கையில், அடுத்த நிலையம் 'லைன் கிளியர்' தரும் வரை மற்றொரு வண்டி அதனுள் நுழையலாகாது. விரைவு வண்டியானாலும் காத்திருக்கத்தான் வேண்டும். நாள்தோறும் இதனை அறிந்தும், காட்டுக்கும் அவ்விதி பொருந்தும் என்று எங்களுக்குத் தோன்றாமற் போயிற்று. இத்தடையால் வணிகர்க்கும் நோயாளர்க்கும் இடர் உண்டு என்பதனையும் மறுப்பதற்கில்லை. 2019ஆம் ஆண்டில் வயநாட்டு மக்கள் இதனை எதிர்த்துப் போராடினர். அவர்தம் துன்பம் மெய்யானது. ஆனால் எங்களைப் போல் உல்லாசத்திற்குச் செல்வோர்க்கு முறையிட யாதொரு உரிமையும் இல்லை.

கக்கநல்லா எல்லையைக் கடந்ததும் தமிழ்ப் பலகைகள் தோன்றின. கன்னடமும் ஆங்கிலமும் சரளமாகப் படிக்கும் எங்கள் இளைய மகள், எழுத்துக் கூட்டி, "மு-து-ம-லை" என்று படித்துவிட்டு, "முதுமலை என்றால் பாட்டி மலையா?" என்று கேட்டாள். அன்னையார் சிரித்த சிரிப்பை இன்றும் மறக்கவியலாது. தெப்பக்காட்டு யானைகள் முகாமைக் கண்டோம். 2023ஆம் ஆண்டில் ஆஸ்கர் விருது பெற்ற ஆவணப்படத்தின் பொம்மனும் பெள்ளியும் யானைக் கன்றுகளைப் பேணி வளர்த்த இடம் அது. பின்னர்க் கூடலூர் வழியே உதகை சேர்ந்து, ஒரு விடுதி வளாகத்தில் அனுமதி பெற்று வண்டியை நிறுத்தி, குளிரில் இரவைக் கழித்தோம்.

செல்ல விரும்பும் அன்பர்கட்குச் சில சொற்கள். நீலகிரிக்குள் செல்ல 2024 மே 7ஆம் நாள் முதல் இ-பாஸ் முறை நடப்புக்கு வந்தது; புறப்படும் முன் அதன் நிலையைக் கேட்டறிந்துகொள்ளுங்கள். பிளாஸ்டிக் குப்பிகளைத் தவிருங்கள். காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்தாதீர்கள். குரங்குகட்கு உணவு எறியாதீர்கள். அனைத்திற்கும் மேலாக, விடியலிற் புறப்படுங்கள். வீட்டில் முதியோர் இருப்பின் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். வழிகாட்டும் கருவிக்குத் தெரியாத வழியும் அவர்களுக்குத் தெரியும்.