கீமோவும் பயமும்

(பொம்மிடியில் நடந்த ஒரு பொதுக்கூட்டத்தில் செய்யப்பட்ட சொற்பொழிவு)



நான் இன்று வேறு விஷயம் பேசப் போவதாக நோட்டீசில் போட்டிருக்கிறது. ஆனால் சாயங்காலம் பொம்மிடி ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கியதும் தோழர் ஒருவர் என்னைத் தனியே அழைத்துப் போனார். தன் தாயாருக்கு மார்பில் புற்று நோய் என்று டாக்டர்கள் கண்டிருப்பதாகவும், வருகிற வாரம் முதல் கீமோ ஏற்ற நாள் குறித்திருப்பதாகவும், அந்த அம்மாள் "அந்த மருந்தை ஏற்றிக் கொண்டு சாவதைவிட இப்படியே சாகிறேன்" என்று பிடிவாதமாய் இருப்பதாகவும் சொல்லிக் கண் கலங்கினார். அந்த அம்மாள் இந்தக் கூட்டத்திற்கு வந்திருக்கிறார். ஆகவே நோட்டீசில் போட்ட விஷயத்தை இன்னொரு நாளைக்கு வைத்துக் கொண்டு, இன்று இதைப் பற்றியே பேசலாமென்று இருக்கிறேன்.

இதைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். நான் டாக்டர் அல்ல. ஆனால் அந்த வியாதி எனக்கே வந்தது. கழுத்தில் நெறி கட்டினாற் போல ஒரு கட்டி. வலி இல்லை. வலி இல்லாததனாலேயே சில மாதம் அலட்சியமாய் இருந்துவிட்டேன். பிறகு சதை எடுத்துச் சோதித்ததில் அது நிணநீர்ச் சுரப்பியில் உண்டான புற்று என்று தெரிந்தது. முப்பது வருஷமாய் ஊரூராகப் போய், "பேய் இல்லை, பிசாசு இல்லை, தாயத்தைக் கழற்றி எறியுங்கள்" என்று பேசியவனாகிய நான், கீமோ என்ற ஒரு வார்த்தையைக் கேட்டதும் பேய்க் கதை கேட்ட பிள்ளையைப் போல நடுங்கினேன். மூன்று இரவு தூங்கவில்லை. இதைச் சொல்லிக் கொள்ள எனக்கு வெட்கமில்லை. பயப்படுவது குற்றமல்ல. அந்தப் பயத்தை நீ யார், எங்கிருந்து வந்தாய் என்று விசாரிக்காமல், அது சொன்னபடியெல்லாம் ஆடுவதுதான் குற்றம்.

நான் விசாரித்துப் பார்த்தேன். எனக்கு அந்தப் பயத்தைக் கொடுத்தவர் யார்? பேயைப் பற்றிச் சொல்லுகிறவன் எவனாவது தானே கண்டதாகச் சொல்லுகிறானா? பக்கத்து ஊர்க்காரன் கண்டான் என்றுதான் சொல்லுவான். கீமோவைப் பற்றி எனக்குச் சொன்னவர்களும் அப்படித்தான். ஒருவருடைய மைத்துனருக்குத் தெரிந்தவர், மற்றொருவருடைய பழைய வீட்டுக்காரர், இப்படியாக யாரோ ஒருவர் செத்துப் போன கதைதான். ஏற்றிக் கொண்டு பிழைத்து வேலைக்குப் போய்க் கொண்டிருக்கிறவனை ஒருவரும் காட்டவில்லை. அவன் வேலைக்குப் போய்விட்டபடியால் அவனைப் பற்றிப் பேச யாருக்கும் அவசியமில்லாமல் போயிற்று!

இன்னொரு கூட்டம் வந்தது. புற்று என்ற பேரைக் கேட்டதும், நாக தோஷம், பாம்புப் புற்றுக்குப் பால் ஊற்று என்றார்கள். நோய்க்கு நாம் வைத்த பேரிலிருந்தே பரிகாரம் கண்டுபிடித்துவிட்டார்கள். மேல் நாட்டாரோ இந்த நோய்க்கு நண்டு என்று பேர் வைத்தார்கள். அப்படியானால் அங்கே நண்டுக்கு அல்லவா பால் ஊற்ற வேண்டும்? மற்றும் சிலர் பூர்வ ஜன்ம பாவம் என்றார்கள். அறிஞர் அண்ணா அவர்கள் இந்த நோய்க்காக 1968-ல் அமெரிக்கா சென்று சிகிச்சை செய்து கொண்டும், 1969 பிப்ரவரி 3-ந் தேதி மறைந்தார். அவர் செய்த பாவம் என்ன? நம் உடம்பில் உள்ள ஓர் உயிரணு கட்டுக்கு அடங்காமல் பெருகுவதுதான் புற்று நோய். இது தொட்டால் ஒட்டிக் கொள்ளாது. நோயாளிக்குத் தனித் தட்டு, தனிப் பாய் போடுகிறவர்கள் நோயோடு அவமானத்தையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

நிற்க, இந்த மருந்து விஷம் என்கிறார்களே, அது வாஸ்தவமா என்றால், வாஸ்தவந்தான். மறைக்க வேண்டியதில்லை. முதல் உலக யுத்தத்தில் மஸ்டர்டு என்ற விஷவாயுவை வீசினார்கள். அதில் அகப்பட்டவர்களுடைய ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அழிந்து போயிருந்ததைக் கண்டார்கள். அளவில்லாமல் பெருகுகிற அணுக்களை இதைக் கொண்டு அழித்தாலென்ன என்று யோசித்து, 1942-ல் அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலையில் அந்த இனத்து மருந்து ஒன்றை ஒரு நோயாளிக்கு ஏற்றினார்கள். கட்டி கரைந்தது. ஆனால் திரும்பவும் வந்தது; அவர் பிழைக்கவில்லை. யுத்த ரகசியம் என்று மூடி வைத்திருந்ததை 1946-ல் வெளியிட்டார்கள். கரைந்ததையும் சொன்னார்கள், திரும்ப வந்ததையும் சொன்னார்கள். அப்படிச் சொன்னதனால்தான் பின்னால் வந்தவர்கள் இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்து, இன்று பல வகைப் புற்று நோய்களை அடியோடு தீர்க்க முடிகிறது. தோற்றதை ஒப்புக் கொள்ளுவதுதான் விஞ்ஞானம். எந்தப் பூசாரியாவது தன் மந்திரம் பலிக்கவில்லை என்று எழுதி வைத்ததுண்டா?

நித்திய கல்யாணி என்றொரு செடி உங்களுக்குத் தெரியும். சுடுகாட்டு ஓரத்தில் பூத்துக் கிடப்பதால் அதைச் சுடுகாட்டு மல்லி என்றும் சொல்லி, வீட்டில் வைக்கக் கூடாதென்பார்கள். அந்தச் செடியிலிருந்துதான் வின்கிறிஸ்டின் என்ற மருந்தை எடுக்கிறார்கள். ரத்தப் புற்று வந்த குழந்தைகளைப் பிழைக்க வைக்கிற மருந்துகளில் அது ஒன்று. எனக்கும் அதை ஏற்றினார்கள். நாம் அபசகுனம் என்று ஒதுக்கியது, ஆராய்ச்சி செய்தவன் கையில் உயிர் காக்கும் மருந்தாகிவிட்டது.

இனி, மருந்து செய்கிற தொல்லைக்கு வருவோம். புற்றின் அணு வேகமாய்ப் பெருகுவது. வேகமாய்ப் பெருகுவதை எல்லாம் இந்த மருந்து தாக்குகிறது. நம் உடம்பில் நல்ல அணுக்களிலும் வேகமாய்ப் பெருகுகிறவை உண்டு. மயிர்க்கால், வாயின் உள்தோல், குடல், எலும்புக்குள் ரத்தம் ஊறுகிற மஜ்ஜை ஆகியவை அப்படிப்பட்டவை. ஆகவேதான் முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது, குமட்டுகிறது, ரத்த அணு குறைகிறது. கேழ்வரகுக் கொல்லையில் களை வெட்டும்போது இரண்டொரு பயிரும் சேர்ந்து அடிபடுவதில்லையா? அடிபட்ட நல்ல பயிர் மறுபடி தழைக்கட்டும் என்றுதான் இரண்டு, மூன்று வாரம் இடைவெளி விட்டு மருந்து கொடுக்கிறார்கள். காரணம் தெரிந்த பிறகு எனக்குப் பயத்தில் பாதி போய்விட்டது. மீதிப் பாதிக்கு வழி சொல்லுகிறேன்.

குமட்டலுக்கு இப்போது நல்ல மருந்துகள் இருக்கின்றன. கீமோவுக்கு முன்பே ஊசி போடுகிறார்கள். வீட்டுக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள். வாந்தி வந்த பிறகு தின்னலாமென்று இராமல், சொன்ன வேளைக்குத் தின்றுவிட வேண்டும். வயிறு முட்டத் தின்னாமல், கஞ்சி, இட்லி, நன்றாய் வெந்த முட்டை என்று கொஞ்சம் கொஞ்சமாய்ப் பல தடவை சாப்பிடலாம். வாய்ப் புண்ணுக்கு, காய்ச்சி ஆறிய நீரில் கொஞ்சம் உப்பும் ஆப்ப சோடாவும் கலந்து, சாப்பிட்ட பிறகெல்லாம் கொப்பளிக்கலாம். சிவப்பாய் ஒரு மருந்து உண்டு. மார்புப் புற்றுக்கும் அதைக் கொடுப்பது வழக்கம். அதை ஏற்றினால் இரண்டொரு நாள் சிறுநீர் சிவப்பாய்ப் போகும். முதல் நாள் இரவு நான் அதை ரத்தம் என்று நினைத்துக் கூச்சலிட்டு வீட்டாரை எல்லாம் எழுப்பிவிட்டேன். முன்னமே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தக் கூச்சல் இல்லை.

மருந்து ஏறும்போது ஊசி குத்திய இடம் எரிந்தாலும் வீங்கினாலும் உடனே நர்சம்மாளைக் கூப்பிட வேண்டும். பல்லைக் கடித்துக் கொண்டு சகிப்பது வீரமல்ல. மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் சதை வெந்துவிடும். மருந்து ஏற்றின ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரையில் வெள்ளை அணு குறைவாக இருக்கும் காலம். ஒரு தெர்மாமீட்டர் வீட்டில் இருக்கட்டும். எந்த நாளானாலும் 100.4 டிகிரி காட்டினால், கஷாயம் வைத்துக் கொண்டோ, காய்ச்சல் மாத்திரையைப் போட்டுக் கொண்டோ விடியட்டும் என்று படுத்துவிடக் கூடாது. நடு இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய், கீமோ நோயாளி என்று முதலில் சொல்ல வேண்டும். இந்த ஒன்றை மட்டும் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். டாக்டருக்குத் தெரியாமல் நாட்டு மருந்து எதையும் சேர்த்துத் தின்னவும் வேண்டாம்.

அடுத்தது முடி. தாய்மார்களுக்கு உயிரைவிட இது பெரிய கவலையாய் இருக்கிறது. அநேக மருந்துகளுக்கு இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டத்தான் செய்யும். திருப்பதிக்கும் பழனிக்கும் போய் மொட்டை அடித்துச் சந்தனம் பூசி வந்தால் ஊரே பார்த்துச் சந்தோஷப்படுகிறது. உயிர் பிழைக்க மருந்து ஏற்றி முடி போனால் மாத்திரம் அபசகுனமாம், எதிரில் வரக் கூடாதாம்! விதவைகளின் தலையை மழித்து மூலையில் உட்கார வைத்த புத்தியின் மிச்சமல்லவா இது? கீமோவில் போன முடி, மருந்து நின்ற சில மாதத்தில் பெரும்பாலும் மறுபடி வளர்ந்துவிடும். இதோ என் தலையைப் பாருங்கள். முன்பு இருந்ததைவிட அடர்த்தியாய்த்தான் இருக்கிறது!

இந்த மருந்து எல்லோரையும் பிழைக்க வைக்கும் என்று நான் சொல்லவில்லை. நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது, எந்த வகை என்பதைப் பொறுத்தது அது. டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்: இது தீர்ப்பதற்கா, கட்டுப்படுத்துவதற்கா, எத்தனை தடவை, என்ன தொல்லை வரும் என்று. கேட்பது உங்கள் உரிமை. நிச்சயம் பிழைப்பாய் என்று சத்தியம் செய்கிறவன் மந்திரவாதி. இவ்வளவு வாய்ப்பு உண்டு என்று கணக்குச் சொல்லுகிறவன் வைத்தியன்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் தங்கை 1923-ல் இந்த நோயால் இறந்தார். புற்று நோய்க்காரர் சாகத்தானே போகிறார், அவருக்கு ஆஸ்பத்திரி எதற்கு என்று பெரியவர்களே கேட்ட காலம் அது. அந்த அம்மையார் விடாமல் பாடுபட்டு 1954-ல் அடையாற்றில் புற்று நோய் ஆஸ்பத்திரியைத் திறக்க வைத்தார். டாக்டர் சாந்தா அம்மையார் 2021-ல் இறக்கும் வரையில் அதற்கே உழைத்தார். காஞ்சிபுரத்தில் அண்ணா பேரால் அரசாங்கப் புற்று நோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் இந்த நோய்க்கு உதவி உண்டு. சிகிச்சைக்குப் போய் வருகிற நோயாளிக்கு, ஆஸ்பத்திரியில் சான்று வாங்கிக் காட்டினால், ரயிலில் ஸ்லீப்பர் வகுப்புக்குக் கட்டணம் இல்லை. துணைக்குப் போகிறவருக்கும் சலுகை உண்டு. உங்கள் ஊரில் ஸ்டேஷன் இருக்கிறது. அந்த ரயில் திருப்பதிக்குப் போவதற்கு மாத்திரம் அல்ல.

அம்மா! உங்களைப் பயப்படாதே என்று நான் சொல்ல மாட்டேன். பயத்தையும் கூடவே கூட்டிக் கொண்டு போங்கள். கேட்க வேண்டியதை ஒரு காகிதத்தில் எழுதிக் கொண்டு மகனையும் கூட்டிக் கொண்டு போங்கள். தோழர்களே! உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. அந்த அம்மாள் திரும்பி வரும்போது செத்தவர் கதையைச் சொல்லிக் கொண்டு போய் நிற்காதீர்கள். சளி காய்ச்சல் உள்ளவர்கள் தள்ளி இருங்கள். மற்றவர்கள் கையைக் கழுவிக் கொண்டு ஒரு வேளைக் கஞ்சி வைத்துக் கொடுங்கள். நான் சொன்னதையும் அப்படியே நம்ப வேண்டாம். டாக்டரைக் கேட்டு, உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் செய்யுங்கள் என்று கூறி, என் வார்த்தையை முடித்துக் கொள்கிறேன்.