மருந்துக்கு அடங்காத கிருமிகள்



காசநோய்க் கிருமியைக் கொல்லவல்ல ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல் கண்டுபிடிக்கப்பட்டது. 1948-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், அம்மருந்தைப் பெற்ற 55 நோயாளிகளுள் ஆறு மாதங்களில் இறந்தவர் நால்வரே. படுக்கை ஓய்வு மட்டுமே பெற்ற 52 பேருள் 14 பேர் இறந்தனர். ஆனால் அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. ஐந்தாண்டுகள் கழிந்தபோது, மருந்து பெற்றோரிலும் 32 பேர் மாண்டிருந்தனர். பலருடைய கிருமிகள் சில மாதங்களிலேயே மருந்துக்கு அடங்காதவை ஆகிவிட்டன. இது எவ்வாறு நேர்ந்தது?

இதனை அறிய, சோதனைக்கூடத்துக்குள் சென்று பார்ப்போம். நோயாளியின் சளியிலிருந்து பெற்ற கிருமிகளை, முட்டை கலந்து உறையவைத்த பச்சைநிற ஊட்டப்பொருளின்மேல் விதைக்கிறார்கள். சில குழாய்களில் மருந்து கலந்திருக்கும், சிலவற்றில் இராது. பின்னர் 37 டிகிரி வெப்பத்தில் வைத்துக் காத்திருக்க வேண்டும். குடலில் வாழும் சில கிருமிகள் 20 நிமிடத்தில் இரண்டாகப் பிளவுறும். காசநோய்க் கிருமிக்கோ ஏறத்தாழ 20 மணி நேரம் தேவை. ஆகவே, அதன் கூட்டங்கள் கண்ணுக்குப் புலப்படப் பல வாரங்கள் ஆகும். மருந்தில்லாத குழாயில் நூறு கூட்டங்கள் முளைக்கும் அளவுக்குக் கிருமிகளை விதைத்து, மருந்துள்ள குழாயில் ஒன்றேனும் முளைத்தால், அவை அம்மருந்துக்கு அடங்காதவை என்று கொள்வர். நூற்றில் ஒன்றுதானே என்று எண்ணலாகாது. சிகிச்சையில் எஞ்சிப் பெருகுவது அந்த ஒன்றுதான்.

எதிர்க்கும் கிருமியை மருந்து படைப்பதில்லை. ஐசோனியாசிட் மருந்தை எதிர்க்கும் கிருமி, சிகிச்சைக்கு முன்பே ஏறத்தாழப் பத்து லட்சத்தில் ஒன்றாக இருக்கிறது. நுரையீரற் குழி ஒன்றில் பத்துக் கோடிக் கிருமிகள் இருந்தால், அவற்றுள் நூறு எதிர்ப்பவையாகும். மருந்து மற்றவற்றை அழித்து, இந்த நூற்றுக்கு இடம் அளித்துவிடுகிறது. ரிஃபாம்பிசினை எதிர்ப்பதோ பத்துக் கோடியில் ஒன்று. இரண்டையும் ஒருங்கே எதிர்க்கும் கிருமி, கோடியைக் கோடியால் பெருக்கிய தொகையில் ஒன்றுதான்! பல மருந்துகளைச் சேர்த்துத் தருவதன் காரணம் இதுவே.

இன்று ரிஃபாம்பிசின் எதிர்ப்பை மரபணுச் சோதனை இரண்டு மணி நேரத்தில் காட்டிவிடுகிறது. எனினும், புதிய மருந்துகள் பலவற்றுக்கு இன்னும் கிருமியை வளர்த்தே பார்க்க வேண்டியுள்ளது. அந்த வாரங்களில் நோயாளி பயனற்ற மருந்தை உண்டுகொண்டிருக்கவும் கூடும்.

இருமல் நின்றதும் மருந்தை நிறுத்துவோர் நம்மிடையே உண்டு. இருமல் நின்றாலும் கிருமிகள் முற்றும் அழிந்துவிடுவதில்லை. அத்தகையோரைக் கண்டால், மருத்துவர் குறித்த கடைசி நாள்வரை மருந்தை உண்ணுமாறு எடுத்துரையுங்கள்.