மறதிக்கும் காரணம் உண்டு



ஒரு பெண்ணை மனதில் நினைத்துக் கொள்ளுங்கள். வயது 25. வயல் வேலைக்குப் போகிறவள். சில மாதங்களாக அவளுக்கு விரல் மூட்டுகளில் வலி. விட்டு விட்டுக் காய்ச்சல். வெயிலில் நின்றால் இரண்டு கன்னமும் சிவந்து தடிக்கிறது. முடி கொத்துக் கொத்தாக உதிர்கிறது.

பிறகு மறதி வருகிறது. அடுப்பில் பால் வைத்ததை மறக்கிறாள். கடைக்குப் போய், எதை வாங்க வந்தோம் என்று தெரியாமல் நிற்கிறாள். "வேலையில் கவனமே இல்லை" என்று மாமியார் திட்டுகிறார். ஒரு நாள் வலிப்பு வந்து கீழே விழுகிறாள். "இது பேய்தான். பூசாரியிடம் கூட்டிப் போங்கள்" என்று ஊரார் சொல்கிறார்கள்.

இது பேயா? இல்லை. சோம்பலா? அதுவும் இல்லை. இது ஒரு நோய். இதன் பெயர் லூபஸ்.

நம் உடம்பில் ஒரு காவல் படை இருக்கிறது. கிருமி உள்ளே வந்தால் அதை எதிர்த்துச் சண்டை போடும். இதைத்தான் நோய் எதிர்ப்புச் சக்தி என்கிறோம். ஊர்க் காவலாளி திருடனை விட்டுவிட்டு வீட்டுக்காரரையே அடித்தால் எப்படி இருக்கும்? லூபஸ் நோயில் அதுதான் நடக்கிறது. காவல் படை சொந்த உடம்பையே தாக்குகிறது. தோல், மூட்டு, சிறுநீரகம் எல்லாம் பாதிக்கப்படும். மூளையும் தப்புவதில்லை.

மூளை எப்படிப் பாதிக்கப்படுகிறது? மூளைக்குப் போகும் சின்ன ரத்தக் குழாய்கள் புண்பட்டு வீங்கலாம். சிலருக்கு ரத்தம் எளிதில் உறைந்து குழாயை அடைக்கும். அதனால் பக்கவாதம் கூட வரும். சில நேரம் காவல் படையே மூளையின் செல்களைத் தாக்கும்.

அப்போது மறதி வரும். கவனம் சிதறும். பேசும்போது வார்த்தை கிடைக்காது. தலைவலி, வலிப்பு, மனச்சோர்வு வரலாம். சிலருக்கு இல்லாத குரல் கேட்கும். அமெரிக்காவில் மூட்டு நோய் மருத்துவர்களின் சங்கம் 1999இல் இவற்றைப் பட்டியல் போட்டது. மூளையிலும் நரம்பிலும் லூபஸ் செய்யும் கோளாறுகள் 19 வகை என்று அது சொன்னது. எல்லோருக்கும் எல்லாம் வராது. பலருக்கு மறதியும் தலைவலியும் மட்டுமே இருக்கும்.

இந்த நோய் ஆண்களுக்கும் வரும். ஆனால் பத்து நோயாளிகளில் ஏறக்குறைய ஒன்பது பேர் பெண்கள். அதிலும் பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்களே அதிகம். இது தொற்று நோய் அல்ல. சேர்ந்து சாப்பிடலாம். பக்கத்தில் படுக்கலாம்.

லூபஸ் முழுதாகப் போய்விடாது. ஆனால் மருந்தால் அதை அடக்கி வைக்கலாம். ரத்தமும் சிறுநீரும் சோதித்து டாக்டர் மருந்து தருவார். ஸ்டீராய்டு மாத்திரையும் தரலாம். "உடம்பு தேறிவிட்டது" என்று அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். ஆனால் அந்த மாத்திரையாலும் சிலருக்குத் தூக்கம் கெடும், மனம் மாறும். அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அவர் அளவை மாற்றுவார். வெயிலில் போகும்போது குடை பிடிக்க வேண்டும். கர்ப்பம் தரிக்கும் முன்பே டாக்டரைக் கேட்க வேண்டும்.

வலிப்பு வந்தால் என்ன செய்வது? ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பக்கத்தில் உள்ள கல், கட்டை எல்லாவற்றையும் அகற்றுங்கள். கையில் சாவியோ இரும்போ கொடுக்க வேண்டாம். அதனால் பயன் இல்லை. வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஐந்து நிமிடத்தில் வலிப்பு நிற்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

மீண்டும் அந்தப் பெண்ணிடம் வருவோம். கிராம நர்ஸ் அவள் கன்னத்தைப் பார்த்தார். மூட்டு வலியைப் பற்றிக் கேட்டார். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நோய் இன்னதென்று தெரிந்தது. மருந்து தொடங்கியது. வலிப்பு நின்றது. மறதி மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

அதற்கு அவளே ஒரு வழி கண்டாள். இரவுப் பள்ளியில் எழுதப் படித்த நோட்டு அவளிடம் இருந்தது. அதில் காலை மாத்திரை, இரவு மாத்திரை, ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள், கடையில் வாங்கும் சாமான் எல்லாம் எழுதினாள். முடித்த வேலைக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டாள். இப்போது மாமியார் அவளைத் திட்டுவதில்லை. "நோட்டைப் பார்த்தாயா, அம்மா?" என்று கேட்கிறார்.

உங்கள் வீட்டிலும் தெருவிலும் இப்படி யாராவது இருக்கலாம். அவர்களை ஏச வேண்டாம். பூசாரியிடம் இழுத்துப் போக வேண்டாம். டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அவர்கள் மறந்ததைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.