அரசன் தெய்வமா, கூலிக்காரனா?



நாம் கூடியிருக்கும் இந்த மலையின் பெயரிலேயே ஓர் அரசன் இருக்கிறான். சேர்வராயன் இங்கே கடவுள். ராயன் என்றால் அரசன். தமிழில் 'இறை' என்றால் கடவுள், அரசன், அரசனுக்குக் கட்டும் வரி, மூன்றும்தான். பக்தியும் வரியும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன.

அரசன் குழந்தையானாலும் மனிதன் என்று இகழாதே, அவன் மனித உருவில் வந்த தெய்வம் என்கிறது மனுநூலின் ஏழாம் அத்தியாயம். அந்தத் தெய்வத்தின் வேலை என்ன? வருணங்களை அவரவர் இடத்தில் நிறுத்திவைப்பது. ஆகவே அரசனுக்குப் பணிவது என்றால், நமக்குச் சேரியிலேயே கிடப்பது என்று பொருள்.

1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் ஏற்காட்டுக்குக் காப்பிச் செடி வந்தது. துரைமார்களின் வேதத்திலும் இதே வாதம் உண்டு. பேதுருவின் முதல் நிருபம், இரண்டாம் அதிகாரத்தைப் பாருங்கள். 17ஆம் வசனம் ராஜாவைக் கனப்படுத்தச் சொல்கிறது. 18ஆம் வசனம் வேலைக்காரர்களை எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்கிறது, எஜமான் கொடியவனாக இருந்தாலும்கூட. அரண்மனையிலிருந்து எஸ்டேட்டுக்கு ஒரு வசன தூரம்தான்.

1877 ஜனவரி 1 அன்று டெல்லி தர்பாரில் விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவித்தார்கள். அதே நாளில் சேலம் ஜில்லா தாது வருஷப் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தது.

நம் முன்னோரும் அந்த முடியாட்சியைப் போற்றவில்லையா என்று கேட்பார்கள். போற்றினார்கள். 1907இல் பத்திரிகை தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் பிரிட்டிஷ் ஆட்சியை வெளிப்படையாகவே ஆதரித்தார். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அது தெய்வ பயத்தில் வந்த பணிவல்ல. உள்ளூர்ச் சாதி அதிகாரத்தைவிடத் தூரத்து அரசிடம் பள்ளிக்கூடமும் வேலையும் கேட்டு வாங்கலாம் என்ற கணக்கு.

1898இல் அவர் தழுவிய பௌத்தத்தில் வேறொரு அரசன் இருக்கிறான். அக்கஞ்ஞ சுத்தம் சொல்லும் முதல் அரசன் வானத்திலிருந்து இறங்கியவன் அல்ல. மக்கள் கூடித் தேர்ந்தெடுத்தவன். காவலுக்குக் கூலியாக நெல்லில் பங்கு வாங்கியவன். பிரம்மாவின் வாயில் பிறந்தோம் என்ற உரிமைக்கோரலையும் அதே சுத்தம் மறுக்கிறது. இரண்டு பொய்களும் ஒரே வேரில் முளைத்தவை என்பது புத்தருக்குத் தெரிந்திருந்தது.

அரசியலில் பக்தி சர்வாதிகாரத்துக்கே கொண்டுபோகும் என்று 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தார் அம்பேத்கர். முடிமன்னர்கள் போய்விட்டார்கள், கட் அவுட்டுக்குப் பாலாபிஷேகம் போகவில்லை. நம் தலைவர்களும் அதற்கு விலக்கல்ல. நெல்லில் பங்கு வாங்கியவனிடம் கணக்குக் கேட்போம். முன்னோருக்கு நாம் செய்யும் நினைவஞ்சலி அதுதான்.

ஜெய்பீம்.