ஓட்டிப்போன வண்டியிலேயே திரும்பி வர வேண்டும்

(நமது கிளப் ஹவுஸ் மாதாந்திரக் கூட்டத்தில் பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை. வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்தில் தருகிறோம்.)



போன மாதம் இதே இடத்தில் முழங்கால் வலி பற்றி டாக்டர் பேசினார். உட்கார இடமில்லை. இன்றைக்குத் தலைப்பு ஸ்போர்ட்ஸ் கார் என்பதால் பின் வரிசையில் பையன்கள், முன் வரிசையில் அவர்களின் அப்பா அம்மாக்கள் என்று உட்கார்ந்திருக்கிறீர்கள். முன் வரிசை முகங்களைப் பார்த்தால், 'இவர் நம்ம பிள்ளையைக் கெடுக்காம இருக்கணுமே' என்று நினைப்பது தெரிகிறது. செயலாளர் ஒரே நிபந்தனையோடுதான் சம்மதித்தார்: சைலன்சரை மாற்றிக்கொண்டு ராத்திரி பதினோரு மணிக்கு பேஸ்மென்ட்டுக்குள் வருபவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம். சொல்லிவிட்டேன். அது யார் என்று எல்லோருக்கும் தெரியும். அவரும் இங்கே இருக்கிறார்.

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததிலிருந்து லிஃப்ட்டில் என்னைப் பிடித்துக்கொண்டு கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். "அங்கிள், டிராக்லயும் ஓட்டணும், லாங் டிரைவும் போகணும், ஒரே வண்டி. எதை வாங்கலாம்?" முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். அந்த அணி ஓட்டிய போர்ஷே 911 ஜிடி3 கப், பந்தயத்துக்கென்றே செய்த வண்டி. அதற்கு நம்பர் பிளேட் கிடையாது, லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோவார்கள். நாம் பேசுவது அதுவல்ல. காலையில் இங்கிருந்து ஓட்டிக்கொண்டு போய், பகலெல்லாம் டிராக்கில் சுற்றி, சாயங்காலம் அதே வண்டியில் வீடு திரும்பி, அடுத்த வாரம் அதிலேயே குடும்பத்தோடு கோவைக்கோ மூணாறுக்கோ போக வேண்டும். அந்த வண்டியைப் பற்றித்தான் பேசுகிறோம்.

டிராக் டே என்றால் ரேஸ் இல்லை. முன் வரிசைக்காகச் சொல்கிறேன். பரிசு கிடையாது. பதினைந்து, இருபது நிமிடம் ஒரு முறை என்று விடுவார்கள். ஹெல்மெட் கட்டாயம். வண்டியைச் சோதித்துவிட்டுத்தான் உள்ளே அனுப்புவார்கள். ஆம்புலன்ஸ் நிற்கும். எதிரே வண்டி வராது, மாடு வராது, தவறான திசையில் பைக் வராது. ஈ.சி.ஆரில் விடிகாலையில் நம் பிள்ளைகள் செய்வதைவிட இது எத்தனையோ மேல். நான் இன்று பேச ஒப்புக்கொண்டதற்கு உண்மையான காரணமும் அதுதான்.

நமக்கு அந்த வசதி பக்கத்திலேயே இருக்கிறது. பெங்களூர் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால், இருங்காட்டுக்கோட்டை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கட்டிய டிராக், 1990-ல் திறந்தது. அதற்கு முன்பு சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடக்கும். இங்கே மூத்தவர்கள் சிலர் அங்கே வெயிலில் நின்று பார்த்திருப்பீர்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. நரேன் கார்த்திகேயன் அந்த ஊர்க்காரர்தான். 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர். ஆக, கோவைக்கு ஒரு லாங் டிரைவ், அங்கேயே ஒரு டிராக் டே, திரும்பி வருவது என்று திட்டம் போட்டால் இரண்டு ஆசையும் ஒரே பயணத்தில் தீரும்.

சரி, வண்டிக்கு வருவோம். எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை குதிரைசக்தி?" நான் முதலில் கேட்பது, "எத்தனை கிலோ?"

ஏன் என்று ஒரு கணக்குச் சொல்கிறேன். 1,700 கிலோ வண்டி 160 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, வளைவுக்கு முன் 60-க்குக் குறைகிறது என்று வையுங்கள். அந்த வேகம் எங்கே போகிறது? அத்தனையும் பிரேக்கில் சூடாக மாறுகிறது. எவ்வளவு சூடு? நம் வீட்டு ஐந்து லிட்டர் குக்கர் நிறையத் தண்ணீர் வைத்தால், அது கொதிக்கும் அளவுக்கு. கேஸ் அடுப்பில் கால் மணி நேரமாவது ஆகிற வேலை, இங்கே நாலைந்து நொடியில் முடிகிறது. அடுத்த வளைவில் இன்னொரு குக்கர். அதே இடத்தில் 1,100 கிலோ வண்டி என்றால் மூன்று லிட்டர் குக்கர்தான். ஒரு சுற்றில் 12 வளைவு. எல்லாவற்றிலும் இவ்வளவு பிரேக் பிடிக்க மாட்டோம், ஆனால் இருபது நிமிடம் விடாமல் சுற்றினால் எத்தனை குக்கர் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். எஞ்சின் சக்தி கூடக் கூட, வளைவுக்கு வந்து சேரும் வேகம் கூடும், குக்கர் இன்னும் பெரிதாகும்.

இந்தச் சூடு கடைசியில் போய்ச் சேருகிற இடம் பிரேக் ஆயில். அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உள்ளது. டாட் 4 என்று டப்பாவில் போட்டிருக்கும் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்த பிறகு அந்த அளவு 155-க்கு இறங்கிவிடலாம். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? ஆயில் கொதித்தால் உள்ளே ஆவிக்குமிழ் வரும். திரவத்தை அழுத்தினால் பிரேக் பிடிக்கும், ஆவியை அழுத்தினால் அது சுருங்கும். பெடல் நேராகத் தரைக்குப் போய்விடும்.

இது எனக்கு நடந்தது. சில வருடங்களுக்கு முன், அப்போது வைத்திருந்த செடானில் ஒரு டிராக் டே போனேன். கடைசிச் சுற்றில் பெடல் கொஞ்சம் மெத்தென்று இருந்தது. ஆறினதும் சரியாகிவிட்டது, நானும் மறந்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து அதே வண்டியில் ஏற்காடு. மனைவி, அம்மா, பின்னால் இரண்டு பிள்ளைகள், டிக்கி நிறையச் சாமான். இறங்கும்போது இருபது கொண்டை ஊசி வளைவு. ஆட்டோமேட்டிக் வண்டி, டி-யிலேயே விட்டு பிரேக்கிலேயே இறங்கிக்கொண்டிருந்தேன். பாதி மலையில் பெடல் காலோடு போனது. இரண்டு மூன்று முறை விட்டு விட்டு அழுத்தி, கியரைக் கையால் குறைத்து, மேட்டுப் பக்கம் மண்ணில் ஏற்றி நிறுத்தினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். சேலத்தில் மெக்கானிக் எடுத்துக் காட்டிய ஆயில் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. வீட்டம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "டிராக்ல கெட்டுப்போனதுன்னு தெரிஞ்சும் இதுலயா எங்களைக் கூட்டிட்டு வந்தீங்க?" தெரியாது என்று சொல்ல முடியவில்லை. பெடல் சொல்லியிருந்தது, நான்தான் கேட்கவில்லை.

அதிலிருந்து எனக்கு வைத்துக்கொண்ட வழக்கம்: டிராக்குக்கு முன் புது ஆயில், போய் வந்த பிறகு மலைப்பயணம் இருந்தால் மறுபடியும் புது ஆயில். சூடு தாங்கும் பிரேக் பேடு. கடைசிச் சுற்றை பிரேக்கே தொடாமல் மெதுவாக ஓட்டி ஆறவிட வேண்டும். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடக் கூடாது, கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்தால் போதும்.

இப்போது எந்த வண்டி? வெளிநாடுகளில் இந்தக் கேள்விக்குச் சுலபமான பதில் இருக்கிறது. மஸ்டா எம்எக்ஸ்-5, டொயோட்டா ஜிஆர்86. இரண்டும் எடை குறைவு, விலையும் கைக்கு எட்டும். நம் நாட்டில் அந்த நிறுவனங்கள் அவற்றை விற்பதில்லை. அதனால் நமக்கு நடுவில் ஒரு பள்ளம். ஒரு கரையில் சின்ன ஹேட்ச்பேக், மறு கரையில் கோடியைத் தொடும் வண்டிகள்.

மறு கரையிலிருந்து ஆரம்பிக்கிறேன். பழைய வண்டியாகக் கிடைத்தால் போர்ஷே 718 கேமன் என் கண்ணுக்கு இந்த வேலைக்கு ரொம்பப் பொருத்தம். எஞ்சின் நடுவில், எடை 1,350 கிலோ அளவில், முன்னால் ஒரு டிக்கி, பின்னால் ஒரு டிக்கி. கணவன் மனைவி ஒரு வாரத்துக்கான துணி வைக்கலாம். ஆனால் இரண்டே இருக்கை. பிள்ளை இருப்பவர்கள் அத்தோடு மறந்துவிடலாம். பிஎம்டபிள்யூ எம்2 பின்சக்கர இழுவை, பிரமாதமான எஞ்சின், பின்னால் பேருக்கு இரண்டு இருக்கை, எடை 1,700 பக்கம். எம்340ஐ நம் சென்னை ஆலையிலேயே பொருத்தப்படுகிறது. நான்கு கதவு, நாலு சக்கர இழுவை, அம்மா அப்பாவை உட்கார வைத்துக் கன்னியாகுமரி வரை போகலாம். இந்த மூன்றில் நெடுந்தூரத்துக்கு என் ஓட்டு அதற்குத்தான். ஆனால் அதுவும் ஐந்து லிட்டர் குக்கர்தான். டிராக்கில் நாலு சுற்று ஓட்டி ஒரு சுற்று ஆறவிடும் பொறுமை இருந்தால் வாங்கலாம். அந்தப் பொறுமை இருபத்தைந்து வயதில் வருமா என்பது வேறு விஷயம்.

இந்தக் கரையில்? முதல் டிராக் டேக்கு எதையும் வாங்காதீர்கள் தம்பிகளா. வீட்டில் இருக்கும் ஸ்விஃப்டோ போலோவோ போதும். ஸ்விஃப்ட் தொள்ளாயிரம் சொச்சம் கிலோ. புது பிரேக் ஆயில், நல்ல பேடு, நல்ல டயர், அவ்வளவுதான். அதில் மூன்று முறை போய்வந்த பிறகும் ஆசை இருந்தால், அப்போது உங்களுக்கே தெரியும் எது வேண்டும் என்று. என்னோடு முதல் முறை வந்த இரண்டு பேர் அதற்குப் பிறகு வரவே இல்லை. வெயில், வாந்தி. அவர்கள் முதலிலேயே எழுபது லட்சம் போட்டிருந்தால்?

வாங்கும்போது பார்க்க வேண்டிய வேறு சில விஷயங்கள். சக்கரம் பெரிதாக இருந்தால் அழகு, ஆனால் டயரின் பக்கச்சுவர் பப்படம் மாதிரி மெலிந்துவிடும். ராத்திரியில் ஒரு பள்ளம், ரிம் வளையும். ஒரே மாடலில் 19 அங்குலமும் 18-ம் கொடுத்தால் 18-ஐ எடுங்கள். பல ஸ்போர்ட்ஸ் கார்களில் ஸ்டெப்னி கிடையாது, பஞ்சர் பசையும் பம்பும்தான் கொடுப்பார்கள். பக்கச்சுவர் கிழிந்தால் அது உதவாது. உளுந்தூர்ப்பேட்டைக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் அதிகாலை மூன்று மணிக்கு நிற்கும்போது புரியும். டிராக்குக்கென்றே வரும் மென்மையான டயர் மழைநீரில் வழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அதோடு வீடு திரும்ப நினைக்காதீர்கள். டிராக்கில் சூட்டினால் டயரில் காற்று ஏறும், அதைக் குறைத்துவிட்டு ஓட்டுவோம். கிளம்பும்போது மறுபடி நிரப்ப வேண்டும். பந்தய இருக்கை போட்ட வண்டியில் நூறு கிலோமீட்டர் தாண்டினால் இடுப்பு பேசும். சஸ்பென்ஷனை பட்டனில் இறுக்கவும் தளர்த்தவும் முடிகிற வண்டி இருந்தால், இரண்டு வேலைக்கும் ஒரே வண்டி என்பதற்கு அதுதான் பெரிய உதவி. அதற்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம். பனோரமிக் கூரைக்கு வேண்டாம். உயரத்தில் எடை, தலையில் வெயில்.

பணம் பற்றி ஒன்று. சாதாரண மோட்டார் இன்சூரன்ஸ் பாலிசியில் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பாதுகாப்பு இல்லை என்று எழுதியிருக்கும். டிராக்கில் சுவரில் மோதினால் செலவு உங்களுடையது என்று நினைத்துக்கொண்டே போங்கள். என் கணக்கில், கையில் இருக்கும் பணத்தில் ஐந்தில் நாலு பங்குக்கு மட்டும் வண்டி பாருங்கள். மிச்சம் டயருக்கும் பேடுக்கும் போகும், சந்தேகமே வேண்டாம். பெட்ரோலும் அப்படித்தான். டிராக்கில் லிட்டருக்கு மூன்று, நாலு கிலோமீட்டர் கொடுத்தால் அதிசயம்.

கடைசியாக, நம் பேஸ்மென்ட் ரேம்ப். சிரிக்காதீர்கள். டெஸ்ட் டிரைவ் வண்டியை ஷோரூமைச் சுற்றி ஓட்டிப் பார்த்து யாரும் முடிவு செய்ய வேண்டாம். இங்கே கொண்டுவரச் சொல்லுங்கள். கேட் வேகத்தடை, அப்புறம் ரேம்ப், அதுவும் பின்னால் இரண்டு பேரை உட்கார வைத்து. வயிறு இடித்தால் அந்த வண்டி நமக்கு இல்லை. தினமும் இரண்டு முறை கடக்கும் வளைவு அதுதான்.

கேள்வி நேரத்தில் முன் வரிசையிலிருந்து ஒரு அம்மா கேட்டார்: "எனக்கு முட்டி வலி. இவன் வாங்கற வண்டியில நான் ஏறி இறங்க முடியுமா?" போன மாதம் வந்த டாக்டரைத்தான் கேட்க வேண்டும் என்று சொல்லிச் சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தேன். தம்பி, டெஸ்ட் டிரைவ் வண்டி இங்கே வரும் அன்று முதலில் அம்மாவை உட்கார வைத்து இறக்கிப் பார். அப்புறம் என்னைக் கூப்பிடு, ரேம்ப்பில் நான் கீழே நின்று பார்த்துச் சொல்கிறேன்.