வளவுக்குள் ஓர் இரவு



பள்ளி விடுமுறை விட்டால் திருகோணமலைக்கு வெளியூர்க்காரர் வந்து குவிவார்கள். நிலாவெளி, புறாத்தீவு, கன்னியா வெந்நீர்க் கிணறுகள் என்று அவர்கள் சுற்றித் திரிவதைப் பார்த்து, "எங்களையும் எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்கோவன்" என்று நம் வீட்டுப் பிள்ளைகளும் நச்சரிப்பார்கள். இந்த நாட்டில் 1912ஆம் ஆண்டு மாத்தளையில் தொடங்கிய சாரணர் இயக்கம் இன்றைக்கும் வெளியில் இரவு தங்கும் பாசறைகள் நடத்துகிறது. வளர்ந்த பிள்ளைகளுக்கு அது நல்லது. நான்கு, ஐந்து, ஆறு வயதுக் குஞ்சுகளுக்கு அவ்வளவு தூரம் தேவையில்லை. உங்கள் சொந்த வளவுக்குள், வீட்டுக் கதவிலிருந்து பத்து எட்டுத் தள்ளி, ஓர் இரவு போதும்.

இது புதிய விஷயமும் அல்ல. கரைவலைக்காரர் வாடியில் படுப்பதும், வயலுக்குக் காவல் போனவர் பரணில் விடியவிடிய விழித்திருப்பதும் இந்த மாவட்டம் அறிந்ததுதான். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றதே, அப்போது வெக்கை தாங்காமல் எத்தனை வீடுகளில் பாயைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தோம்! பெரியவர்களுக்கு அது அவதி. பிள்ளைகளோ மின்சாரம் வந்த பிறகும் உள்ளே போக மாட்டோம் என்று அடம்பிடித்தார்கள்.

கூடாரம் விலைக்கு வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. ஒரு படங்கு, ஒரு கயிறு, கயிறு கட்ட இரண்டு மரம், அவ்வளவே. ஆனால் தென்னைக்குக் கீழே வேண்டாம். தேங்காயும் காய்ந்த மட்டையும் நேரம் பார்த்து விழுவதில்லை. வேம்போ மாவோ நல்லது. நம் பக்கத்து மணலில் முளை நிற்காது, இழுத்த இழுப்பில் வந்துவிடும். உரப்பையில் மணலை நிரப்பி, அதில் கயிற்றைக் கட்டிப் புதைத்துவிடுங்கள். பையில் மணல் அள்ளிப் போடுகிற வேலையைப் பிள்ளைகளிடமே விடுங்கள். அரை மணி நேரம் எடுப்பார்கள், எடுக்கட்டும். ஆடி மாதத்தில் கச்சான் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். ஆகவே படங்கை மேற்குப் பக்கம் தாழ்த்தி, வாசலைக் கிழக்கே விடுங்கள். ஐப்பசி பிறந்து மழை இறங்கிவிட்டால் பிறகு தை கழியும் வரை இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

அடுத்ததைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. வெறுந்தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடித்துவிடும். கடித்த இடத்தில் பெரிதாக வலியோ வீக்கமோ இருக்காது. பிறகு கண் இமை தானாக மூடிக்கொண்டு வரும்போதுதான் தெரியும். அதனால் குப்பை கூளம், ஓட்டுக் குவியல், விறகடுக்கு இவற்றுக்குப் பக்கத்தில் படுக்கை வேண்டாம். மடக்குக் கட்டில் இருந்தால் மிக நல்லது. இல்லையென்றால் மெத்தை போட்டு, நுளம்பு வலையைச் சுற்றிவர மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகுங்கள். வலை நுளம்புக்கு மட்டுமல்ல, பாம்புக்கும் மட்டத்தேளுக்கும் தடுப்பு. சந்தேகம் வந்தால் கல் வைக்கிறோம், பார்வை பார்க்கிறோம் என்று நேரத்தைப் போக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நுளம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. அடுத்த வருடமே டெங்கு 1,86,000க்கும் மேற்பட்டோரைப் பிடித்தது. அந்த வருடம் கிண்ணியா பட்ட பாட்டை நாம் மறக்க முடியாது. டெங்கு நுளம்பு கடிப்பது பகலில், அதிலும் காலையிலும் மாலை மங்கும் நேரத்திலும். எனவே இருட்டுவதற்கு முன்பே வலைக்குள் போய்விடுங்கள், விடிந்தவுடன் வலையைச் சுருட்ட அவசரப்படாதீர்கள். நுளம்புத்திரியையோ மண்ணெண்ணெய் விளக்கையோ கூடாரத்துக்குள் கொண்டு போகவே கூடாது. ஆளுக்கொரு ரோச் லைட் போதும்.

சரி, மரவள்ளிக் கிழங்கும் சம்பலும் சாப்பிட்டாயிற்று, வலைக்குள் படுத்தாயிற்று. இனி என்ன செய்வது? ஒன்றும் செய்ய வேண்டாம், காது கொடுத்தால் போதும். ஆக்காட்டி கத்தும். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதும். கோட்டைப் பக்கத்து வீடுகளென்றால் வேலியோரம் புள்ளிமான் சருகை மிதிக்கிற சத்தமும் கேட்கலாம். "அது என்ன?" என்று பிள்ளை கையைப் பிடிக்கும்போது உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேளுங்கள். ஐந்து வயதுப் பிள்ளை முதலில் பேய் என்று சொல்லும். பிறகு பூனை என்று சொல்லும். மூன்றாம் முறை தானே ரோச் அடித்துப் பார்க்கும். அந்த மூன்றாவது முறைக்காகத்தான் இத்தனை பாடும்.

கண்ணுக்கும் வேலை உண்டு. ஆடி மாத முன்னிரவில் தெற்கே அண்ணாந்தால் தேள் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு நிற்பதுபோல் விருச்சிகம் தெரியும். அதன் நடுவில் செம்மையாக மினுங்குவது கேட்டை. வடக்கே துருவ நட்சத்திரம் நம் ஊரில் எட்டரைப் பாகை உயரத்தில்தான் இருக்கும். கையை நேரே நீட்டிப் பொத்திய முட்டியை அடிவானத்தில் வைத்தால், அந்த முட்டியின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே. பக்கத்து வீட்டுக் கூரை மறைத்தால் கடற்கரையில் நின்று இன்னொரு நாள் காட்டுங்கள்.

நள்ளிரவில் பிள்ளை எழும்பி "அம்மா, உள்ளுக்குப் போவம்" என்று அழுதால், தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வையுங்கள். ஏளனம் வேண்டாம், "அண்ணா பயப்படவில்லையே" என்ற ஒப்பீடும் வேண்டாம். கதவு திறந்தே இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை அடுத்த முறை இன்னும் கொஞ்ச நேரம் வெளியே படுக்கும்.

கதவைப் பற்றி நான் இவ்வளவு சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் எத்தனையோ குடும்பங்களுக்குக் கூடாரமே வீடாக இருந்தது, உள்ளே போக வேறு கதவு இருக்கவில்லை. 2006இல் போரினால் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் 2015இல்தான் திரும்பத் தொடங்கினார்கள். இடையில் பிறந்த பிள்ளைகள் தற்காலிகக் கொட்டில்களில் நடை பழகினார்கள். அப்படி வாழ்ந்த ஓர் அம்மம்மாவுக்கு முற்றத்தில் படங்கு விரித்ததைக் கண்டால் நெஞ்சு பதறும். அதைப் பழைய பயம் என்று தள்ளிவிடாதீர்கள். கயிறு கட்டுவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வேண்டாம் என்றால் படங்கை மடித்து வைத்துவிட்டு விறாந்தையில் பாயையும் வலையையும் போடுங்கள். ஆக்காட்டி அங்கேயும் கேட்கும். அவர் அந்த நாட்களைப் பற்றிப் பேச விரும்பினால் பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்துங்கள். விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள்.