கோவளம் முனையில் ஒரு பகல்

(மருத்துவ ஊழிய ஞாயிறு ஆராதனையில் நமது ஆஸ்பத்திரி சாப்ளின் ஐயா ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த நாளில் உங்கள் முன் நிற்கும்போது, எத்தனை பேருக்குச் சிகிச்சை கொடுத்தோம், என்ன புதிய கருவி வாங்கினோம், இன்னும் எவ்வளவு கடன் இருக்கிறது என்று கணக்கு ஒப்புவிப்போம். அந்த அறிக்கை அச்சாகி உங்கள் கையில் இருக்கிறது. வீட்டில் நிதானமாக வாசித்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு அறிக்கையில் இடம்பெறாத ஒரு காரியத்தைச் சொல்ல விரும்புகிறோம். கடந்த மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, எங்கள் வார்டிலிருந்து மூன்று பேரை ஒரு காரில் ஏற்றிக்கொண்டு கோவளம் கடற்கரைக்குப் போனோம். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பினோம். சமாசாரம் அவ்வளவுதான்.

இதைக் கேள்விப்பட்டு ஒரு பெரியவர், "ஆஸ்பத்திரிக்குக் கொடுத்த காணிக்கையிலே உல்லாசப் பயணமா?" என்று எங்களை நேரே கேட்டார். கேட்டது நியாயம். அவருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்லுகிறோம்.

நாங்கள் ஊழியம் செய்கிற பகுதியை உங்களில் பலர் அறிவீர்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் முன்பு ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பூமி. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை கார் செய்யத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை வந்தது. அவற்றைச் சுற்றி உதிரிபாகம் செய்கிற பெரிய, சிறிய பட்டறைகள் நூற்றுக்கணக்கில் எழும்பின. பல ஜில்லாக்களிலிருந்தும், ஒடிசா, பீகார், ஜார்கண்டு ஆகிய மாநிலங்களிலிருந்தும் பிள்ளைகள் வேலைக்கு வந்தார்கள். அவர்கள் செய்கிற கார் உலகமெல்லாம் ஓடுகிறது. ஆனால் சொந்தக் காரியமாக ஒரு காரில் ஏறி, ஓர் இடத்தைப் பார்க்கப் போனவர்கள் அவர்களில் எத்தனை பேர்? எங்கள் வார்டில் ஒரு நாள் இப்படிக் கேட்டுப் பார்த்தோம். ஒருவரும் கை தூக்கவில்லை.

எங்களோடு வந்த மூன்று பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம்.

ஒருவர் ஒரகடத்துக்குப் பக்கத்துக் கிராமத்துப் பெரியவர். நிலம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு, ஓர் ஆலையின் வாசலில் காவலாளியாக இருந்தார். சர்க்கரை வியாதி, காலில் புண். மாதக்கணக்கில் கட்டுப் போட்டு, இப்போதுதான் ஆறியிருந்தது.

இன்னொருவர் திருவண்ணாமலை ஜில்லாவிலிருந்து வந்த பெண்பிள்ளை. மின்னணுப் பொருள் கோர்க்கிற வேலை, விடுதி வாசம். டைபாய்டு கண்டு மெலிந்துபோய் எங்களிடம் வந்தாள். இரண்டு வருஷமாக இந்தப் பக்கம் இருக்கிறாள். அவள் பார்த்ததெல்லாம் விடுதி, கம்பெனி பஸ், வேலைத்தளம் மட்டும்தான்.

மூன்றாவது, ஒடிசாவிலிருந்து வந்த தம்பி. வயது இருபத்திரண்டு. தகடு வெட்டும் பிரஸ் மெஷினில் வேலை. அந்த மெஷினை இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அமுக்கினால்தான் இறங்கும்படி செய்திருப்பார்கள். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் அச்சுக்குள் கை போகாது அல்லவா? வேலை வேகமாக நடக்க வேண்டும் என்பதற்காக, அவன் இருந்த பட்டறையில் ஒரு பொத்தானைக் குச்சி செருகி அமுக்கியே வைத்திருந்தார்களாம். வலது கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. நசுங்கிப்போன விரலை ஒட்டவைக்க வழியில்லை. (இதைக் கேட்கிறவர்கள் ஒரு காரியத்தை நினைவில் வையுங்கள். விரல் துண்டாகிவிட்டால், அதைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸில் வைத்து, தாமதமில்லாமல் கொண்டுவர வேண்டும். விரலை நேரே ஐஸில் போடக் கூடாது.)

காயம் ஆறியது. தையல் பிரித்தாயிற்று. டாக்டர் அம்மா, "கை நன்றாக இருக்கிறது" என்று எழுதினார்கள். பிசியோதெரபி சகோதரர், "தம்பி, இந்தக் கையாலேயே சோறு பிசைந்து சாப்பிடு, அதைவிட நல்ல பயிற்சி கிடையாது" என்று தினமும் சொன்னார். அவனோ, எல்லாரும் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருப்பான். பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்து, இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுவான். வலது கையை எப்போதும் ஒரு துண்டுக்குள் வைத்திருப்பான். ஊரிலிருந்து தாயார் போனில் முகம் காட்டச் சொன்னால் முகத்தை மட்டும் காட்டுவான். நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்தோம். மரியாதையாகக் கேட்டுக்கொள்வான். துண்டு மட்டும் விலகவில்லை.

இவர்களை எங்கேயாவது வெளியே கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று முதலில் சொன்னது எங்கள் தலைமை நர்ஸ் அம்மாதான். கோவளம் என்று தீர்மானித்ததும் அவர்களே. 2021-இல் அந்தக் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்று கிடைத்தது. சுத்தமான கழிப்பறை இருக்கும், நிழல் இருக்கும், புண் ஆறின காலோடு போகிறவருக்கு அது முக்கியம் என்றார்கள். இப்படிப்பட்ட யோசனை போதகர்களுக்கு வருவதில்லை.

சபை அங்கத்தினர் ஒருவர் ஏழு பேர் அமரும் தம்முடைய காரை ஓட்டுநரோடு கொடுத்தார். ஆறரை மணிக்கு ஜெபித்துப் புறப்பட்டோம். ஒரகடத்தில் திரும்பி, படப்பை வழியாக வண்டலூர். அங்கிருந்து மாம்பாக்கம், கேளம்பாக்கம். பாதி வழியில் அந்தத் தம்பி காரின் கதவைத் தட்டிப் பார்த்து, "இதுக்கு உள்ளே ஒரு தகடு இருக்கு சார். நான் அடிச்ச மாதிரிதான்" என்றான். ஒரு ஷிப்டுக்கு எத்தனை என்று கேட்டோம். அவன் சொன்ன எண்ணிக்கையைக் கேட்டு ஓட்டுநர் தம்பி பேசாமல் இருந்தார். பிறகு கதவை மெதுவாகச் சாத்தினார் என்று கவனித்தோம்.

கேளம்பாக்கம் தாண்டினதும் இரண்டு பக்கமும் உப்பளம். பெரியவர் கண்ணாடியை இறக்கச் சொல்லி மூச்சை இழுத்தார். "வந்துட்டோம்" என்றார். சிறுவயதில் மாசி மகத்துக்குத் தகப்பனாரோடு மாட்டுவண்டியில் மாமல்லபுரம் போய்க் கடலாடியதாகச் சொன்னார். கடல் இத்தனை கிட்டத்தில் இருந்தும், அதற்குப் பிறகு அவர் போகவில்லையாம். "நெலம் இருந்தவரைக்கும் நேரமில்லே, நெலம் போனப்புறம் மனசில்லே" என்றார்.

கோவளம் என்றால் நம்மில் பலருக்குக் குமரிப் பக்கமும் கேரளமும்தான் நினைவுக்கு வரும். இது நம்முடைய செங்கல்பட்டுச் சீமைக் கோவளம். நேராக ஓடுகிற சோழமண்டலக் கரையில், நிலம் கொஞ்சம் கடலுக்குள் மூக்கை நீட்டுகிற இடம். அந்த முனையின் தயவால் பழங்காலத்தில் கப்பல்கள் ஒதுங்கின. நவாபுடைய ஆட்கள் கோட்டை கட்டினார்கள், பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள், 1752-இல் கிளைவ் வந்து கைப்பற்றினார், பிறகு கோட்டை தகர்க்கப்பட்டது. 1808-இல் சென்னை வணிகர் ஜான் டி மோன்டி கட்டின கார்மேல் மாதா ஆலயம் இன்றும் நிற்கிறது. சற்றுத் தள்ளித் தமீம் அன்சாரி தர்கா. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி அடித்த கரையும் இதுதான். ராஜாக்களுடைய கோட்டை போய்விட்டது. மீன்பிடிக் குப்பம் இருக்கிறது.

முனையின் மேல் நின்றால் வடக்கே ஒரு கரை வளைந்து போகிறது, தெற்கே ஒரு கரை வளைந்து போகிறது, நடுவே தண்ணீர். பெண்பிள்ளை ஒரு வார்த்தையும் பேசவில்லை. பிறகு போனை எடுத்துத் தாயாருக்குக் கடலைக் காட்டினாள். வேலைக்குள் போகும்போது போனை வாசலிலேயே கொடுத்துவிட வேண்டுமாம். ஆகையால் தான் இருக்கிற இடத்தை வீட்டாருக்குக் காட்டினது அதுதான் முதல் தடவை. அலையில் காலை நனைத்து அவள் சிரித்த சத்தம் எங்களுக்குப் புதிது. பெரியவரும் இறங்கப் பார்த்தார். நர்ஸ் அம்மா விடவில்லை. உணர்ச்சி குறைந்த காலில் கிளிஞ்சல் கீறினாலும் தெரியாது என்று சொல்லி, மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்போடு ஈரமணல் வரைக்கும் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார்கள்.

பத்து மணிக்கு மேல் ஒரு ஃபைபர் படகு கரை தட்டியது. அதை மேட்டுக்கு ஏற்ற ஆள் போதவில்லை. படகுக்காரர் எங்கள் பக்கம் பார்த்து, "ஏம்பா, சும்மாதானே நிக்கிறே, வந்து ஒரு கை குடு" என்று கூப்பிட்டார். அவர் கூப்பிட்டது துண்டு சுற்றின தம்பியை. எங்களுக்குத் திக்கென்றது. அவன் ஒரு நிமிஷம் நின்றான். துண்டை எடுத்து நர்ஸ் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனான். தோளையும் இரண்டு கையையும் கொடுத்துத் தள்ளினான். படகு ஏறியது. படகுக்காரர் அந்தக் கையைப் பார்த்தார். "மெஷினா?" என்றார். "ஆமா." "ம்" என்று சொல்லி வலையை உதறப் போய்விட்டார். ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. நாங்கள் வார்டில் ஆயிரம் தடவை சொல்லியிருப்போம்.

மத்தியானம் குப்பத்தில் ஓர் அம்மாள் வறுத்துக் கொடுத்த சங்கரா மீனும், நாங்கள் கட்டிக்கொண்டு போன சோறும். நிழலில் வட்டமாக உட்கார்ந்தோம். ஸ்பூன் ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டது. மறந்ததா, நர்ஸ் அம்மா வேண்டுமென்றே விட்டதா என்று நாங்கள் கேட்கவில்லை. ஸ்தோத்திரம் சொல்லி முடித்துக் கண் திறந்தபோது, அந்தத் தம்பி கட்டைவிரலாலும் மீதி இரண்டு விரலாலும் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தான். முதல் கவளம் பாதி சிந்தியது. யாரும் பார்க்காததுபோல் இருந்தோம். இரண்டாவது கவளம் சிந்தவில்லை. மறுசோறு கேட்டான்.

பிரியமானவர்களே, உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் கரிநெருப்புப் போட்டு, சீஷர்களுக்குக் காலை ஆகாரம் ஆயத்தம்பண்ணினதை யோவான் எழுதியிருக்கிறார். அதை எத்தனையோ தடவை பிரசங்கித்திருக்கிறோம். அன்றைக்குத்தான் ஒன்று மனதில் பட்டது. அந்த அப்பத்தையும் மீனையும் எடுத்துக் கொடுத்த கை ஆணித் தழும்புள்ள கை. அவர் அதை மறைத்துக்கொண்டு பரிமாறவில்லை.

இனி அந்தப் பெரியவருக்குச் சொன்ன பதிலுக்கு வருகிறோம். டாக்டர் பால் பிராண்டு உங்களுக்குத் தெரிந்த பெயர். 1914-இல் கொல்லிமலையில் மிஷனரி பெற்றோருக்குப் பிறந்தவர். 1940-களின் பிற்பகுதியில் நம்முடைய செங்கல்பட்டுத் தொழுநோய் ஆஸ்பத்திரிக்கு வந்து, டாக்டர் காக்ரேனோடு நடந்தபோதுதான் மடங்கிப்போன கைகளைக் கண்டு, அவற்றைத் திருத்த யாருமில்லையே என்று பாரப்பட்டார். வேலூரில் அறுவைச் சிகிச்சை செய்து விரல்களை நிமிர்த்தினார். ஆனால் கை நிமிர்ந்து போனவர்களில் சிலர் வருத்தத்தோடு திரும்பி வந்தார்கள். மடங்கின கையைப் பார்த்துப் பிச்சை போட்ட ஜனங்கள், நிமிர்ந்த கைக்குப் பிச்சையும் போடவில்லை, வேலையும் கொடுக்கவில்லை. அப்போதுதான் அவர், கையைச் சரிசெய்தால் வேலை பாதிதான் முடிந்தது என்று கண்டு, தொழில் கற்று மனிதரோடு மனிதராய் வாழப் பழக நவஜீவ நிலையத்தை வேலூரிலேயே ஏற்படுத்தினார். அந்தப் பாதி வேலைக்கு எங்களிடம் ஆபரேஷன் தியேட்டர் கிடையாது. அன்றைக்கு ஒரு கார் இருந்தது, கடல் இருந்தது, ஆள் போதாத ஒரு படகு இருந்தது.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொல்லமாட்டோம். தம்பியின் ஊனத்துக்கான நஷ்ட ஈடு இன்னும் வந்து சேரவில்லை. பழைய பட்டறை அவனைக் கூப்பிடவில்லை. மூன்று விரலால் எழுதப் பழகுகிறான். ஸ்டோரில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தால் போதும் என்கிறான். பெரியவர் காவல் வேலைக்குத் திரும்பிவிட்டார். நிற்காமல் உட்கார நாற்காலி ஒன்று கேட்டு வாங்கினோம். பெண்பிள்ளை தேறி, விடுதிக்குப் போய்விட்டாள். அடுத்த பயணத்துக்குத் தன் அறைத்தோழிகள் இரண்டு பேரைச் சேர்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறாள்.

செலவுக் கணக்கு: டீசல், மீன், டீ எல்லாம் சேர்த்து நாலாயிரத்துக்குள். அதுவும் ஊழியர்கள் தங்களுக்குள் போட்டது. உங்கள் காணிக்கை அப்படியே மருந்துக்குப் போயிருக்கிறது. இன்றைக்கு நாங்கள் கேட்பது பணம் அல்ல. உங்களில் கார் வைத்திருக்கிறவர்கள் வருஷத்தில் ஒரே ஒரு சனிக்கிழமையை எங்களுக்குக் கொடுங்கள். வண்டியை மட்டும் அனுப்பாமல் நீங்களும் வாருங்கள். எங்களோடு மணலில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஸ்பூன் கொண்டுவர வேண்டாம்.

கர்த்தர் உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.